முதுகில் தைத்த நாடா

கிட்ட வந்து உக்காருங்க. இன்னும் கொஞ்சம் கிட்ட. இது கத்திச் சொல்ற சமாச்சாரம் இல்லை.

கம்பவுண்டர் தொழில்ல கைக்கு வேலை கம்மி, காதுக்குத்தான் வேலை ஜாஸ்தி. ஆரணியில ஒரு டாக்டர்கிட்ட இருபத்தஞ்சு வருஷம் மருந்து கலக்கிக் கொடுத்தவன் நான். உள்ளே டாக்டர்கிட்ட தலைவலின்னு சொல்லிட்டு வர்ற ஆம்பிளை, வெளியே என் ஜன்னலாண்ட வந்து குனிஞ்சு நிஜ வியாதியைச் சொல்லுவான். மருந்துக்கடையிலயோ ஆஸ்பத்திரியிலயோ ஜன்னலுக்கு உள்பக்கம் நின்னவங்க யாராவது இதைப் படிச்சா, நான் சொல்றது புரியும். கேட்டதை யார்கிட்டயும் சொல்லக் கூடாது. சொல்லாமலும் இருக்க முடியாது. நமக்குன்னு வாய்ச்ச கஷ்டம் அது.

நான் எட்டாங்கிளாஸ் தாண்டாதவன். எழுத்துல தப்பு இருந்தா பொறுத்துக்குங்க. கோபத்துல தப்பு இருக்காது. எண்பத்து மூணோ நாலோ, அந்த வாக்குல நடந்தது. இன்னிக்கு நினைச்சாலும் எனக்கு வயித்தெரிச்சல்தான்.

சத்துக்கு ஒண்ணு

ஜன்னலாண்ட வர்றவங்க யாரும் வியாதிப் பேரைச் சொல்ல மாட்டாங்க. "சத்துக்கு ஒண்ணு கொடுங்க" அப்படின்னுவாங்க. எந்த இடத்துச் சத்துன்னு நாமதான் மூஞ்சியைப் பாத்துத் தெரிஞ்சுக்கணும். டானிக் சீசாவைப் பேப்பர்ல சுத்திக் கொடுக்கணும். சுத்தாம கொடுத்தா அந்த ஆள் அடுத்த தடவை வேற கடைக்குப் போயிடுவான்.

தணிகாசலமும் அப்படித்தான் வந்தான். பட்டுத் தறிக்காரன். முப்பத்திரண்டு வயசு. கல்யாணத்தப்போ ஒல்லியா இருந்த ஆள், அஞ்சு வருஷத்துல உடம்பு பெருத்து, தோளும் தலையும் ஒட்டிகினு கழுத்தே தெரியாம ஆயிட்டான். சாயந்திரமானா சாராயக்கடை. காலையில எழுந்தா மண்டை இடி. நான் சீசாவுல மருந்து ஊத்தி மூடி போடறதுக்குள்ள, ஜன்னல் கம்பியைப் பிடிச்சபடி நின்ன வாக்குலயே தூங்கிட்டான். தட்டி எழுப்பினேன். குழந்தை இல்லையான்னு கேட்டேன். ஆரம்பத்துல ரெண்டு வருஷம் சரியாத்தான் இருந்தேன், இப்ப மூணு வருஷமா மனசு போனாலும் உடம்பு வர்றதில்லைன்னு அவனே வாய்விட்டான். சொன்ன கையோட கண்ணைத் துடைச்சுகினு நிமிர்ந்தான்.

"எனக்கு ஒண்ணும் இல்லை கம்பவுண்டரே, அவளுக்குத்தான் ஏதோ குறை."

தெரு முனை வரைக்கும்

'அவள்' யாருன்னா கோமளா. அவன் பொண்டாட்டி. கலசப்பாக்கத்துப் பொண்ணு. இழை அறுந்தா இமைக்கிறதுக்குள்ள முடிச்சு போடுவா, ஊடை நூலைக் குச்சியில தார் சுத்துவா, சமைப்பா, ஏச்சும் வாங்குவா. அவளை மாமியார் ராஜம்மா அஞ்சு வருஷத்துல எத்தனை இடத்துக்கு இழுத்துகினு போனாங்கன்னு எனக்குத் தெரியும். சீட்டெல்லாம் என் கையில வந்துதானே போச்சு. எங்கேயோ ஒரு இடத்துல கர்ப்பப்பையைச் சுத்தம் பண்றோம்னு ரெண்டு தரம் சுரண்டி அனுப்பினாங்க. அவளை ரெண்டு தரம் சுரண்டினாங்க, அவனை ஒரு தரம் வாயைத் திறந்து காட்டச் சொன்ன ஆள் இல்லை.

எங்க டாக்டர்தான் முதல் முதல்ல, பையனையும் கூட்டிகினு வாங்கம்மா, அவனையும் பாத்துடலாம்னு சொன்னாரு. ராஜம்மா எழுந்து நின்னுட்டாங்க. அவமானப்படுத்திட்டீங்கன்னு முகத்துலயே எழுதியிருந்துது. அந்தம்மா சொன்னதை நான் மருந்து இடிக்கிற கல்லை நிறுத்திட்டுக் கேட்டேன்.

"ஆம்பிளைக்கு எதுக்குங்க டெஸ்ட்டு? எம்புள்ளை குறட்டை விட்டா தெரு முனை வரைக்கும் கேக்குது. அவ்ளோ தெம்பு இருக்கிறவன்."

லாட்ஜு வைத்தியர்

இந்தத் தெம்பை இன்னும் ஏத்துறதுக்கு ஒருத்தர் மாசா மாசம் வந்துகினு இருந்தாரு. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல ஒரு லாட்ஜு, மாடி வராண்டாவுல பெஞ்சு, உள் ரூம்ல வைத்தியர். அமாவாசைக்கு மறுநாள் வருவாரு, சாயந்திரம் போயிடுவாரு. போளூர்லேர்ந்தும் தெள்ளார்லேர்ந்தும் ஆம்பிளைங்க வந்து, துண்டால பாதி முகத்தை மூடிகினு பெஞ்சுல உக்காந்திருப்பாங்க. நாடி பிடிப்பாரு, சின்ன வயசுத் தப்புன்னுவாரு, தலை குனிஞ்சதும் லேகிய டப்பாவை நீட்டுவாரு. டப்பா மேல சிங்கப் படம். வாயைச் சுத்தி காக்கி அரக்கு வெச்சு முத்திரை.

ராஜம்மா மாசம் ஒரு டப்பா வாங்கிட்டு வந்து கோமளா கையில கொடுத்து, வேளா வேளைக்குக் கிண்ணத்துல வெச்சுக் கொடுடீன்னுட்டாங்க. முதல் டப்பா தின்னப்போ தணிகாசலத்துக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சுதுன்னு என்கிட்ட சொன்னான். வேற ஒண்ணும் நடக்கலை. அப்புறமும் கிண்ணம் வந்துகினுதான் இருந்துது, அவனும் தின்னுகினுதான் இருந்தான்.

அந்த வைத்தியர் ஒரு நாள் எங்க கிளினிக்குக்கே வந்தாரு. பிரஷர் பாக்க. டாக்டர் எழுதின மாத்திரையை என் ஜன்னல்ல வாங்கி இடுப்புல செருகினாரு. உங்ககிட்டயே எல்லாத்துக்கும் லேகியம் இருக்கேன்னு கேட்டுட்டேன். அந்த ஆளுக்கு வெக்கம்கூட வரலை.

"எனக்கு இங்கிலீஷ் மருந்துதாங்க ஒத்துக்குது."

என் கையால கொடுத்தது

இது நான் பண்ண தப்பு. மறைச்சா மத்தவங்களைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லாம போயிடும்.

ராத்திரியில மூச்சு முட்டி முட்டி முழிப்பு வருது, சரியாத் தூங்கினாத்தான் உடம்பு தேறும்னு தணிகாசலம் கேட்டான். டாக்டரைக் கேக்காம தூக்க மாத்திரை பத்து எடுத்துக் கொடுத்தேன். அப்பெல்லாம் யாரும் சீட்டுக் கேக்கிறதில்லை. சாராயத்து மேல அந்த மாத்திரையைப் போட்டுகினு படுத்திருக்கான். பத்து நாள்ல அவன் தறிக்குழியிலயே காலைத் தொங்கப் போட்டுகினு தூங்கி விழ ஆரம்பிச்சான்.

அப்போ தறியில இருந்தது மாம்பழக் கலர் முகூர்த்தப் புடவை. யாருக்குன்னு கேளுங்க. கோமளாவைக் கலசப்பாக்கத்துக்கு அனுப்பிட்டு போளூர்ல வேற பொண்ணு கட்டறதுன்னு ராஜம்மா முடிவு பண்ணிட்டாங்க. ஆவணியில பேச்சு. அந்தப் பொண்ணுக்குன்னு தனியாப் பட்டு வாங்கி மகனையே நெய்ய வெச்சாங்க. அதுக்குத் தார் சுத்தினது யாரு? கோமளாதான். தன் இடத்துக்கு வரப் போறவளோட புடவைக்கு அவ கையாலயே தார் சுத்தி நீட்டிகினு இருந்தா. சட்டம் இதெல்லாம் கூடாதுன்னு சொல்லுது. அந்தத் தெருவுக்குச் சட்டம் வந்து யாரும் பார்த்ததில்லை.

தூக்கத்துல கை தப்பி முந்தானையாண்ட ரெண்டு விரக்கடை நெசவு கெட்டுப் போச்சு. அன்னிக்கு மத்தியானம் கோமளா மாத்திரை அட்டையோட ஜன்னலுக்கு வந்தா. கத்தலை. அட்டையை என் முன்னாடி வெச்சா.

"உக்காந்தா தூங்கறவருக்குத் தூக்க மாத்திரை கொடுத்தது யாருண்ணா?"

முடிச்சு

மன்னிப்புக் கேட்டேன். அவ அதைக் காதுல வாங்கலை. அவளுக்கு வேற ஒண்ணு சொல்ல வேண்டியிருந்துது. அண்ணா, அவரு குறட்டை விடறாருன்னு எல்லாரும் சொல்றாங்க, குறட்டை நின்னு போறதை யாரும் கேக்கலை, நான்தான் பக்கத்துல படுத்திருக்கேன்னா. குறட்டை ஏறிகினே போகுமாம், படக்குன்னு நிக்குமாம், நெஞ்சு எழும்புமாம், மூச்சு மட்டும் வராதாம். இவ எழுந்து உலுக்கப் போறதுக்குள்ள பன்னி உறுமின மாதிரி ஒரு சத்தம் போட்டு மறுபடியும் குறட்டை.

மாமியார்கிட்ட சொன்னதுக்கு, நீ வீட்டை விட்டுப் போறதுக்கு முன்னாடி எம்புள்ளை மூச்சு நிக்கணும்னு சாபம் விடறியான்னு கேட்டிருக்காங்க. அதனால அத்தாட்சி கொண்டு வந்திருந்தா. இருட்டுல இழை முடியறது நெசவு வீட்டுப் பொம்பளைக்குக் கை வேலை, கண்ணு வேணாம். ஒரு ராத்திரி பூரா முழிச்சிருந்து, மூச்சு நின்ன ஒவ்வொரு தடவைக்கும் பருத்தி நூல்ல ஒரு முடிச்சு போட்டிருக்கா. ரவிக்கைக்குள்ள இருந்து எடுத்துக் கொடுத்தா. டாக்டர் மேஜை மேல நூலை நீட்டினோம். மேஜை போதலை. டாக்டர் விரலால தடவி எண்ணிகினே வந்தாரு. நூறு தாண்டினதும் எண்ணறதை நிறுத்திட்டு மூக்குக் கண்ணாடியைக் கழட்டினாரு.

"இத்தனை வருஷத்துல குறட்டையை ஒரு வியாதின்னு நான் சீட்டுல எழுதினதே இல்லைய்யா."

வேலூர் பஸ்

டாக்டர் லெட்டர் கொடுத்து வேலூர்ல ஒரு தொண்டை டாக்டர்கிட்ட அனுப்பினாரு. என் தப்புக்கு நானே துணைக்குப் போனேன். தணிகாசலம், கோமளா, நான். நூலும் கூட வந்துது.

அந்தத் தொண்டை டாக்டர் சின்ன வயசு. நூலைப் பார்த்துச் சிரிக்கலை. மல்லாக்கப் படுத்தா நாக்கும் தொண்டைச் சதையும் சரிஞ்சு வழியை அடைச்சுடுதாம். கழுத்துல கொழுப்பு சேந்தா இன்னும் மோசம். சாராயமும் தூக்க மாத்திரையும் அந்தச் சதையை இன்னும் தளர விட்டுடுமாம். வெளிநாட்டுல மூக்கு வழியா காத்து அடிக்கிற மிஷின் ஒண்ணு கண்டுபிடிச்சிருக்காங்களாம், இங்க வர எத்தனை வருஷமோன்னாரு. சாராயத்தை விடு, மாத்திரையைத் தூக்கிப் போடு, உடம்பை இறக்கு, ஒருக்களிச்சே படு. கேக்கலைன்னா தொண்டையில ஓட்டை போட்டுக் குழாய் வைக்கணும். தணிகாசலம் கழுத்தைத் தடவிகினான்.

கேக்க வேண்டியதைக் கேக்க அவனுக்கு வாய் வரலை. கோமளாதான் சுவத்தைப் பாத்துகினு கேட்டா, டாக்டர், மத்ததும் இதாலதானான்னு. இருக்கலாம்மான்னாரு அவரு. ராத்திரி பூரா மூச்சுக்குப் போராடற உடம்பு எங்க போய் ஆசைப்படும், ஆம்பிளைக்கு வேணுங்கற சுரப்பெல்லாம் நல்ல தூக்கத்துலதான் ஊறும், மூச்சு சரியானா சில பேருக்கு அதுவும் சரியாகுது, எல்லாருக்கும்னு எழுதிக் கொடுக்க மாட்டேன். நேர்மையான மனுசன். அந்த வருஷத்துல நான் கேட்ட முதல் நேர்மையான பேச்சு அது.

திரும்பி வரும்போது பஸ்ஸுல தணிகாசலம் தூங்கலை. கண்ணமங்கலம் தாண்டுற வரைக்கும் ஜன்னல் வழியாப் பாத்துகினே வந்தான். அப்புறம் என் பக்கம் சாய்ஞ்சான்.

"அப்போ அவகிட்ட ஒரு குறையும் இல்லியா கம்பவுண்டரே?"

நாடா

இல்லைடா முட்டாளேன்னு சொன்னேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்துது. கோமளா மட்டும் பார்க்கலை.

ஒருக்களிச்சுப் படுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. தூங்கறவனுக்கு அது எப்படித் தெரியும்? நாலு நாள் தலகாணி வெச்சுப் பார்த்தா, உருட்டித் தள்ளிட்டு மல்லாந்துட்டான். அஞ்சாம் நாள் கோமளா தறியாண்ட கிடந்த பழைய நாடாவை எடுத்தா. ஊடை நூலைச் சுமந்துகினு பாவுக்குக் குறுக்கால ஓடுமே, அந்த மரக்கட்டை. ரெண்டு முனையிலயும் இருந்த இரும்பைக் கழட்டிட்டு, அவன் பனியன் முதுகுல நடுவால பை மாதிரி தைச்சு அதை உள்ள செருகிட்டா. மல்லாந்தா முதுகுல குத்தும், தானா ஒருக்களிச்சுடுவான்.

விஷயம் எப்படியோ வெளியே போச்சு. தெருவுல பசங்க இல்லை, பெரியவங்களே கிண்டல் பண்ணாங்க. என்னாப்பா தணிகாசலம், முதுகுலயும் தறி போட்டுட்டியா, எத்தனை முழம் நெய்ஞ்சேன்னு டீக்கடையில கேட்டாங்க. சாராயக்கடை நண்பனுங்க பொண்டாட்டி கட்டின லாடம்னாங்க. இவனுங்கள்ல பாதிப் பேர் அமாவாசைக்கு மறுநாள் துண்டால முகத்தை மூடிகினு லாட்ஜு மாடியேறினவனுங்க. எனக்குத் தெரியும். பேர் பேரா நான் சொல்லியிருந்தா அந்த டீக்கடையே காலியாயிருக்கும். தணிகாசலம் சாராயக்கடைப் பக்கம் போறதை நிறுத்திட்டான்.

ரெண்டு மாசத்துல ஆள் மாறினான். முதல்ல மண்டை இடி போச்சு. அப்புறம் பகல் தூக்கம் போச்சு. மூணாம் மாசம் ஒரு நாள் சவரம் பண்ணிகினு, கிளினிக் வாசல்ல ரெண்டு முழம் மல்லிகைப்பூ வாங்கி வாழை இலையில கட்டிகினு ஜன்னலுக்கு வந்தான். குனியலை. நிமிர்ந்து நின்னே, அந்தச் சத்து மருந்து இனிமே வேணாம்னான். அதுக்கு மேல நான் கேக்கலை, அவனும் சொல்லலை, ரெண்டு பேருக்கும் காது வரைக்கும் சிரிப்பு. அன்னிக்குக் காலையிலதான் ராஜம்மா, போளூருக்குத் தட்டு எடுத்துகினு எப்போ போலாம்னு மகனைக் கேட்டிருக்காங்க. அவன் தறியை விட்டு எழுந்திருக்காமலே பதில் சொன்னானாம்.

"பொண்ணு உனக்குப் பிடிச்சிருந்தா நீயே கட்டிக்கம்மா."

வாத்தியார் கேட்டது

எல்லாருக்கும் இப்படியே ஆச்சுன்னு நான் கதை விட மாட்டேன். கோட்டைப் பக்கம் சர்ச் பள்ளிக்கூடத்துல இருந்து ரிட்டயர் ஆன வாத்தியார் ஒருத்தர், சாந்தமான மனுசன், நாடா சங்கதி கேட்டு வந்தாரு. அவரு பனியன்ல அவரு சம்சாரம் ரப்பர் பந்து தைச்சாங்க. குறட்டை குறைஞ்சுது. அந்தம்மா பல வருஷத்துக்கு அப்புறம் நிம்மதியாத் தூங்கினேன்னு எனக்கு கேக் கொடுத்தனுப்பினாங்க. ஆனா வாத்தியார் மறுபடி ஜன்னலுக்கு வந்தாரு. மூச்சு வந்துடுச்சு, மத்தது வரலைன்னாரு.

டாக்டர்கிட்ட உள்ளே கூட்டிகினு போனேன். ஒண்ணுக்கைச் சோதிச்சா சர்க்கரை எக்கச்சக்கம். அது எத்தனை வருஷமா உள்ளே இருந்து நரம்பைத் தின்னுதோ. மருந்து ஆரம்பிச்சாரு. மத்தது சரியாகலை, ஆனா கால் பொழைச்சுது, கண் பொழைச்சுது. முன்னாடியே ஏன் சார் வந்து கேக்கலைன்னு எனக்கு ஆத்திரம். அவரு என்னைவிட ஆத்திரமா இருந்தாரு, தன் மேலயே.

"பாடம் நடத்தின வாய்யா இது, இதைக் கேக்க அறுபது வயசு ஆயிடுச்சு."

நாலு டப்பா

கோமளா மூணு மாசம் முழுகாம இருக்கான்னு தெரிஞ்சதும், ராஜம்மா தெரு பூரா சர்க்கரை கொடுத்தாங்க. கூடவே ஒண்ணு சொன்னாங்க. எல்லாம் லாட்ஜு வைத்தியர் லேகியம், அஞ்சு டப்பா, நான் வாங்கிக் கொடுத்தது. கேட்டுட்டு ஊரே அதை நம்பிச்சு. வேலூர் போனது, சாராயத்தை விட்டது, முதுகு குத்தக் குத்தப் படுத்தது, அந்தப் பொண்ணு விடிய விடிய நூல்ல முடிச்சு போட்டது, எதுவும் இல்லையாம். சிங்கப் படம்தானாம். எனக்கு வந்த கோபத்துல அன்னிக்கு ரெண்டு பேருக்கு மருந்து மாத்திக் கொடுக்க இருந்தேன். அடுத்த அமாவாசைக்கு மறுநாள் லாட்ஜு மாடியில பெஞ்சு போதாம படிக்கட்டுல ஆள் உக்காந்துட்டாங்க.

டாக்டர் ரத்தக்கொதிப்பு மாத்திரையை அந்த வைத்தியர்கிட்டயே கொடுத்துட்டு வரச் சொல்லி என்னை அனுப்பியிருந்தாரு. அதனால இதை நான் கண்ணால பார்த்தேன். கோமளா மாடியேறி வந்தா. பொம்பளைங்க ஏறாத மாடி அது. பின்னாடி தணிகாசலம், கையில மஞ்சப் பை. அவ கட்டியிருந்தது அந்த மாம்பழக் கலர் புடவை. கெட்டுப் போன ரெண்டு விரக்கடையை மறைக்காம முந்தானையை வெளிப்பக்கமாவே போட்டிருந்தா. பெஞ்சுல இருந்த துண்டெல்லாம் இன்னும் கொஞ்சம் மேல ஏறிச்சு.

அவ புருஷன் பையைத் திறந்து பிடிச்சான். அவ ஒண்ணு ஒண்ணா எடுத்து, காத்துகினு இருந்தவங்க முன்னாடி தரையில வெச்சா. நாலு லேகிய டப்பா. நாலுலயும் காக்கி அரக்கு அப்படியே இருந்துது, ஒரு கீறல் இல்லை. முதல் டப்பாவுல நெஞ்சு படபடத்ததுமே, மத்ததைப் பெட்டியில பூட்டிட்டு, சுக்கும் மிளகும் வெல்லமும் இடிச்சுக் கிண்ணத்துல வெச்சுக் கொடுத்திருக்கா. மாமியாருக்கும் தெரியாது, தின்னவனுக்கும் அன்னிக்குக் காலையில வரைக்கும் தெரியாது. டப்பாவுக்குப் பக்கத்துல அந்த நாடாவை வெச்சா. முதுகு பட்டுப் பட்டு ஒரு பக்கம் தேய்ஞ்சு வழவழன்னு இருந்துது. உள் ரூம் கதவாண்ட வைத்தியர் வந்து நின்னாரு. அவ அவரைப் பார்க்கலை, பெஞ்சுல இருந்தவங்களைத்தான் பார்த்தா.

"இது நாலும் மூடி திறக்காதது, இது ஒண்ணு தேய்ஞ்சது. எதால சரியாச்சுன்னு நீங்களே பாத்துக்குங்க."

நாடாவை மட்டும் எடுத்துப் பையில போட்டுகினு, புருஷனோட படியிறங்கிப் போயிட்டா. பெஞ்சும் படிக்கட்டும் ஒவ்வொருத்தரா காலியாச்சு. இருபத்தஞ்சு வருஷம் மருந்து கட்டினவன் சொல்றேன், மூடியே திறக்காம இத்தனை பேரைக் குணமாக்கின லேகியத்தை நான் அன்னிக்குத்தான் பார்த்தேன்.